வயலிலும் வார்டிலும் ஒரே மருந்து



2021 மே மாதத்தில் பேசியிருந்தால் இந்தத் தலைப்பை யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. கொரோனாவிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களுக்குக் கண் வீங்கியது, கன்னம் மரத்துப்போனது, மேல் அண்ணம் கறுத்தது. கருப்புப் பூஞ்சை என்ற பெயர் ஒரே வாரத்தில் நாட்டின் எல்லா மொழிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தன. ஜூலைக்குள் 45,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டதாகவும், 4,300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பிழைத்தவர்களில் பலர் ஒரு கண்ணையோ மேல்தாடையையோ பறிகொடுத்துப் பிழைத்தவர்கள்.

அந்தப் பூஞ்சை புதியதல்ல. ஊசிப்போன ரொட்டியிலும் மக்கிய இலையிலும் தோட்டத்து மண்ணிலும் என்றும் இருப்பது. அதன் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். அந்த ஆண்டு மாறியவை வேறு: கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, அளவுக்கும் காலத்துக்கும் மிஞ்சிக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு, வைரஸால் சிதைந்த உடல். நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் இல்லை. இருந்தும் சில வாரங்களில் ஆம்ஃபோடெரிசின் என்ற ஒற்றை ஊசிமருந்து இந்தியா முழுவதும் தீர்ந்துபோனது. குடும்பங்கள் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தன. இன்று நான் பேச வந்தது அந்தக் கையிருப்பைப் பற்றித்தான்.

பூஞ்சையால் உலகளாவிய நெருக்கடி வருமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கொரோனாவைப் போன்ற ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு கேட்கிறார்கள்: எங்கோ ஓரிடத்தில் தோன்றி, விமானமேறி, மூச்சுக்காற்றில் பரவும் புதுக் கிருமி. அப்படி ஒன்று வரவே வராது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் கவலை தருவது அதுவன்று. பூஞ்சைக்கு எதிராக மனிதகுலத்திடம் உள்ள மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை நாம் வயலிலும் மருந்துக்கடையிலும் செலவழித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறோம். நெருக்கடி வருமானால் இந்த வழியாகத்தான் வரும் என்பது என் கருத்து. வந்துகொண்டும் இருக்கிறது.

அளவைப் பற்றிச் சில எண்கள் சொல்கிறேன். ஆண்டுதோறும் உலகில் சுமார் 65 லட்சம் பேரைப் பூஞ்சை உடலுக்குள் ஊடுருவித் தாக்குகிறது; சுமார் 38 லட்சம் பேர் அந்த நோயோடு இறக்கிறார்கள், அதில் ஏறக்குறைய 25 லட்சம் மரணங்களுக்குப் பூஞ்சையே நேரடிக் காரணம் என்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் டென்னிங் 2024-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. இறப்புச் சான்றிதழில் இந்தப் பெயர் அரிதாகவே ஏறும். புற்றுநோய், எய்ட்ஸ், காசநோய், சிறுநீரக மாற்று என்று முந்தைய நோயின் பெயரே எழுதப்படும். உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பாக்டீரியாக்களுக்கு 2017-இலேயே முன்னுரிமைப் பட்டியல் போட்டுவிட்டது. பூஞ்சைகளுக்கு அப்படி ஒரு பட்டியல் வர 2022 அக்டோபர் ஆனது. அதில் 19 பூஞ்சைகள் உள்ளன. எந்த ஒன்றுக்கும் மனிதருக்கான தடுப்பூசி இன்றுவரை இல்லை.

இத்தனை லட்சம் வகைப் பூஞ்சைகள் மண்ணிலும் காற்றிலும் நிறைந்திருக்க, நாம் எப்படித் தப்பித்து வாழ்கிறோம்? முதல் காரணம் நம் உடலின் சூடு. வின்சென்ட் ராபர்ட், ஆர்ட்டூரோ கசடெவால் ஆகிய இருவரும் 4,802 பூஞ்சை வகைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்த பதிவுகளை 2009-இல் ஆராய்ந்தார்கள். 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 6 சதவீத வகைகள் வளர முடியாமல் விழுந்துவிடுகின்றன. 37 டிகிரியில் இருக்கும் நம் உடல் பெரும்பாலான பூஞ்சைகளுக்குத் தாங்க முடியாத சூடு. சூடு இல்லாத உயிர்கள் என்ன ஆகின்றன என்பதைத் தவளைகளிடம் பார்க்கலாம். ஒரே ஒரு பூஞ்சைத் தோல்நோயால் 501 நீர்நில வாழ்வன இனங்கள் அருகிப்போயின, அவற்றுள் 90 இனங்கள் அற்றே போயின என்று 2019-இல் கணக்கிட்டார்கள். குளிர்காலத்தில் உடல் சூட்டைக் குறைத்துக்கொண்டு குகைகளில் உறங்கும் வட அமெரிக்க வௌவால்கள் 2006 முதல் லட்சக்கணக்கில் மடிந்ததும் இன்னொரு பூஞ்சையால்தான்.

பூமி சூடாகச் சூடாக, மண்ணிலுள்ள பூஞ்சைகள் சூட்டைத் தாங்கப் பழகினால் நமக்கிருக்கும் இந்தப் பாதுகாப்பு குறையும் என்று கசடெவால் எச்சரித்துவருகிறார். அவர் காட்டும் எடுத்துக்காட்டு கேண்டிடா ஆரிஸ். 2009-இல் டோக்கியோவில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2013-இல் டெல்லி மருத்துவமனைகளில் இரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் தெற்காசியா, கிழக்காசியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா என நான்கு இடங்களில் தலைகாட்டியது. மரபணுக்களை ஒப்பிட்டபோது நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று பரவியவை அல்ல, நெடுங்காலம் முன்பே பிரிந்தவை என்று தெரிந்தது. வெவ்வேறு கண்டங்களில் ஏன் ஒரே காலத்தில் மனிதருக்குள் புகுந்தன? வெப்பநிலை உயர்வு ஒரு விடையாக முன்வைக்கப்படுகிறது. அது இன்னும் கருதுகோள்தான். ஆனால் டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர் அந்தமானில் மனிதர் நடமாட்டமற்ற உப்புச் சதுப்பிலிருந்தும் ஒரு கடற்கரை மணலிலிருந்தும் இதே பூஞ்சையைப் பிரித்தெடுத்து 2021-இல் வெளியிட்டார்கள். சதுப்பில் கிடைத்தவற்றுள் ஒன்று சூட்டில் மெதுவாக வளர்ந்தது, மருந்துகளுக்கும் கட்டுப்பட்டது. மருத்துவமனைக்குள் வருவதற்கு முன் இது எப்படி இருந்திருக்கும் என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் அரிய தடயம் அது.

மருத்துவமனைக்குள் வந்த பிறகு அது வேறு பிறவி. கட்டில் கம்பியிலும் கருவிகளிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். வழக்கமான கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அடங்காது. ஆக்ஸ்போர்டில் ஒரு நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் 70 பேரிடம் பரவியதற்குக் காரணம், அக்குளில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். தெற்காசிய வகை பெரும்பாலும் ஃப்ளூகோனசோல் என்ற மருந்துக்குக் கட்டுப்படாது. அதற்குத் தரும் மூன்று முக்கிய வகை மருந்துகளையும் மீறியவை சில நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இங்கே மருந்துகளுக்கு வருகிறேன். ஏன் இவ்வளவு குறைவு? பாக்டீரியா நம்மிடமிருந்து வெகுதூரம் விலகிய உயிர். நம்மிடம் இல்லாத உறுப்பு எதையாவது அதனிடம் கண்டு தாக்கலாம். பூஞ்சையோ உறவுமுறையில் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கியது. அதன் செல்லும் நம் செல்லும் பெரும்பாலும் ஒரே அமைப்பு. வயலில் கோரையைப் பிடுங்குவது எளிது. நெல்லோடு நெல்லாக நிற்கும் குதிரைவாலியைப் பிரித்துக் களைவதுதான் கடினம். பூஞ்சையைக் கொல்லும் மருந்து சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பதம்பார்ப்பது இதனால்தான். நம் செல்லின் மேல்சவ்வில் கொலஸ்டிரால் இருக்கிறது, பூஞ்சையின் சவ்வில் அதற்குப் பதிலாக எர்கோஸ்டெரால் இருக்கிறது. இந்தச் சிறிய வேறுபாட்டைப் பற்றிக்கொண்டுதான் நம்முடைய முக்கிய மருந்துகள் வேலை செய்கின்றன. ஆம்ஃபோடெரிசின் எர்கோஸ்டெராலைக் கவ்வுகிறது. அசோல் குடும்பம் அதை உருவாக விடாமல் தடுக்கிறது. எக்கினோகாண்டின்கள் செல்சுவரைத் தாக்குகின்றன. ஃப்ளூசைட்டோசின் மரபுப்பொருள் உருவாவதைக் கெடுக்கிறது. உடலுக்குள் புகுந்த பூஞ்சைக்குப் பெரும்பாலும் இந்த நான்கு குடும்பங்களே கதி. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொன்ன கணக்குப்படி, கடந்த பத்தாண்டுகளில் அமெரிக்கா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றில் ஒப்புதல் பெற்ற புதிய பூஞ்சை மருந்துகள் நான்கே.

அறக்கட்டளைச் சொற்பொழிவு மேடையில் நிற்பதால் இருவர் பெயரைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் பணியாற்றியவர்கள். ஒருவர் நியூயார்க் நகரில் நுண்ணுயிரியலாளர், மற்றவர் ஆல்பனியில் வேதியியலாளர். மண் மாதிரிகளிலிருந்து வளர்த்த நுண்ணுயிர்களின் சாற்றை அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சோதித்தார்கள். வர்ஜீனியாவில் ஒரு நண்பரின் பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது நிஸ்டாட்டின். 1950-இல் அறிவித்தார்கள். மனிதருக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய முதல் பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளில் ஒன்று. குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கு இன்றும் தருகிறோம். காப்புரிமைத் தொகை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல் வந்தது. அதில் ஒரு டாலர்கூடத் தமக்கென எடுத்துக்கொள்ளாமல் முழுவதையும் அறிவியல் ஆய்வுக்கே எழுதி வைத்தார்கள். மருந்து என்பது பொதுச்சொத்து என்று அவர்கள் நினைத்தார்கள். நாம் அந்தப் பொதுச்சொத்தை எப்படி வைத்திருக்கிறோம் என்பதற்கு நெதர்லாந்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேடஸ் மக்கும் இலைதழைகளில் வளரும் பூஞ்சை. எருக்குழியின் சூடு அதற்கு மிகவும் ஒத்துப்போகும். அதன் வித்துகளை எல்லோரும் உள்ளிழுக்கிறோம், நலமாக இருப்பவரின் நுரையீரல் அவற்றை அழித்துவிடுகிறது. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர் ஆகியோரின் நுரையீரலால் அது முடியாது. முன்பு அவர்களில் மிகப் பலர் இறந்தார்கள். 2002-இல் வொரிகோனசோல் என்ற அசோல் மருந்து வந்து பலரைக் காப்பாற்றியது. மாத்திரையாகவும் கொடுக்கலாம் என்பது பெரிய ஆறுதல்.

ஆனால் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் பால் ஃபெர்வை என்பவரும் அவர் குழுவினரும் வினோதமான ஒன்றைக் கவனித்தார்கள். அசோல் மருந்தை வாழ்நாளில் தொட்டே அறியாத நோயாளிகளிடம் அசோலுக்குக் கட்டுப்படாத பூஞ்சை இருந்தது. வெவ்வேறு ஊர், வெவ்வேறு மருத்துவமனை, ஆனால் மரபணுவில் ஒரே மாற்றம்: அசோல் தாக்கும் நொதியை உருவாக்கும் மரபணுவின் முன்பகுதியில் 34 எழுத்துகள் இரட்டித்திருந்தன, நொதியில் 98-ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருந்தது. ஒரு நோயாளியின் உடலுக்குள் சிகிச்சையின்போது எதிர்ப்பு தோன்றினால் ஆளுக்கொரு மாற்றம் தெரிய வேண்டும். எல்லோரிடமும் ஒரே மாற்றம் என்றால் அது வெளியில் எங்கோ ஓரிடத்தில் தோன்றிப் பரவியிருக்க வேண்டும். சேமித்து வைத்த பழைய மாதிரிகளைப் புரட்டினார்கள். இந்த வகை 1998-லேயே இருந்தது. வொரிகோனசோல் சந்தைக்கு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அதற்கு எதிர்ப்பு தயாராகக் காத்திருந்தது.

வெளியில் எங்கே? பூந்தோட்டங்களிலும் தானிய வயல்களிலும். புரோபிகோனசோல், டெபுகோனசோல், டைஃபெனோகோனசோல் உள்ளிட்ட ஐந்து அசோல் பூஞ்சாணக்கொல்லிகள் 1990-க்கும் 1996-க்கும் இடையில் நெதர்லாந்தில் அனுமதி பெற்றவை. மூலக்கூறின் அமைப்பில் அவை நம் மருந்துகளின் உடன்பிறப்புகள். பூஞ்சையின் அதே நொதியில் அதே இடத்தில் போய் உட்காருகின்றன. துலிப் கிழங்குகளை நடுமுன் அசோல் கரைசலில் முக்கி எடுப்பார்கள். கழிவுக் கிழங்கும் இலையும் குவியலாகக் கிடந்து மக்கும். அந்தக் குவியலில் மிச்சமிருக்கும் மருந்தோடு ஆஸ்பெர்ஜில்லஸ் கோடிக்கணக்கில் பெருகும், மருந்தைத் தாங்குவது மட்டும் மிஞ்சும், காற்று அதை எடுத்துப் போகும். அயர்லாந்தில் வாங்கிய நெதர்லாந்து துலிப் கிழங்குகளிலேயே அசோலை மீறிய பூஞ்சை உயிரோடிருந்ததை 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சூழலில் எடுத்த பூஞ்சைகளையும் நோயாளிகளிடம் எடுத்தவற்றையும் மரபணுத் தொகுதி முழுவதும் ஒப்பிட்டு, சில நோயாளிகளின் நுரையீரலில் இருந்தது வெளியில் கிடைத்ததோடு ஏறக்குறைய ஒன்றே என்று 2022-இல் நிறுவினார்கள்.

இந்தியாவிலும் அதே 34 எழுத்து மாற்றத்தை அனுராதா சௌத்ரி குழுவினர் மண்ணிலும் நோயாளிகளிடமும் கண்டு 2012-இல் எழுதினார்கள். நம் ஊர் உரக்கடைகளில் ஹெக்ஸகோனசோலும் புரோபிகோனசோலும் டெபுகோனசோலும் தாராளமாகக் கிடைக்கின்றன. இலையுறைக் கருகலுக்கும் நெற்பழ நோய்க்கும் அடிக்கிறோம். விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. 2016-இல் வங்கதேசத்தில் கோதுமைக் குலை நோய் முதன்முறையாக வந்தபோது ஏறக்குறைய 15,000 ஹெக்டேர் பாழானது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த பூஞ்சை அது. பயிரைக் காப்பாற்ற மருந்து வேண்டாம் என்று குளிரூட்டிய அரங்கில் நின்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் கேட்பது வேறு. ஒரே மூலக்கூறு குடும்பம் இரண்டு இடத்திலும் ஏன் இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வி பழையதைப் பற்றியது மட்டுமன்று. அசோலை மீறிய ஆஸ்பெர்ஜில்லஸையும் தாக்கும் ஓலோரோஃபிம் என்ற முற்றிலும் புதிய வகை மருந்து நீண்ட உழைப்பில் உருவாகி, இறுதிக்கட்டச் சோதனையில் இருக்கிறது. அது தாக்கும் நொதியையே தாக்கும் இப்ஃப்ளூஃபெனோக்வின் என்ற பூஞ்சாணக்கொல்லி 2022-இல் அமெரிக்காவில் பதிவு பெற்றுவிட்டது. அதற்குப் பழகிய பூஞ்சை ஓலோரோஃபிமுக்கும் கட்டுப்படாது என்று மான்செஸ்டர் ஆய்வகம் காட்டியிருக்கிறது. மருந்து நோயாளியை எட்டுமுன் தோட்டத்தை எட்டிவிட்டது. ஃபோஸ்மானோஜெபிக்ஸ் என்ற இன்னொரு புதிய மருந்துக்கும் இதே நிலை. அமினோபைரிஃபென் என்ற வேளாண் வேதிப்பொருள் அதன் இலக்கையே குறிவைக்கிறது. துலிப் தோட்டத்தில் அறியாமல் நடந்தது இந்த முறை அறிந்தே நடக்கிறது. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வயலைச் சொல்லிவிட்டு மருந்துக்கடையை விட்டுவிட முடியாது. படர்தாமரை நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம்! அரிப்பு வந்தால் கடையில் ஒரு க்ரீம் கேட்டு வாங்குவோம். அதில் பூஞ்சை மருந்தோடு பாக்டீரியா மருந்தும் வலுவான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை இரண்டே நாளில் அடக்கும், தோலின் எதிர்ப்பையும் அடக்கும். பூஞ்சை உள்ளே பரவும், அரைகுறை மருந்தில் பழகும். இப்படிப்பட்ட சூழலில் டெர்பினாஃபின் மாத்திரைக்கே பெரும்பாலும் அடங்காத ஒரு வகை இந்தியத் துணைக்கண்டத்தில் பெருகியது. 2020-இல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். 2023-இல் அது நியூயார்க்கில் பதிவானது. மருத்துவர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு க்ரீம்களை விற்கக் கூடாது என்று 2018-இலேயே விதி திருத்தப்பட்டது. அந்த விதி கடைவீதியில் எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது என்பதை உங்களில் யாரும் இன்று மாலையே பார்த்துக்கொள்ளலாம். உயிரைக் கொல்லாத நோய் என்பதால் நாம் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் மருந்து தோற்றுப்போவதை நம் தோலிலேயே காணும் இடம் இது.

மருந்து இருந்தும் கிடைக்காமல் இறப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எச்.ஐ.வி. உள்ளவர்களின் மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ், 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஏறக்குறைய 1,12,000 பேரைக் கொன்றது. எய்ட்ஸ் சார்ந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று. ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் 844 பேரிடம் நடந்த சோதனை, ஒரே ஒரு முறை உயர் அளவில் கொழுப்புறை ஆம்ஃபோடெரிசினும் அதோடு இரு வார மாத்திரைகளும் போதும் என்று 2022-இல் காட்டியது. அந்த மாத்திரைகளில் ஒன்று 1957-இல் உருவாக்கப்பட்ட ஃப்ளூசைட்டோசின். காப்புரிமை எப்போதோ முடிந்தது. இருந்தும் நோய் மிகுந்த பல நாடுகளில் அதைப் பதிவு செய்து விற்க ஆள் இல்லை, வாங்குவோர் ஏழைகள் என்பதால்.

என்ன செய்யலாம்? நம் நாட்டில் பூஞ்சாணக்கொல்லிகள் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வேளாண் அமைச்சகத்தின் வாரியத்தில் பதிவாகின்றன. மருந்துகள் 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சகத்திடம் போகின்றன. ஒரு பூஞ்சாணக்கொல்லிக்கு அனுமதி கேட்கும்போது, இது தாக்கும் இலக்கை மனித மருந்து ஏதேனும் தாக்குகிறதா, அப்படி ஒன்று சோதனையில் உள்ளதா என்ற ஒரு கேள்வி விண்ணப்பத்தில் கட்டாயமாக வேண்டும். பதில் ஆம் என்றால் சுகாதாரத் துறையின் கருத்தைக் கேட்காமல் அனுமதி கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2023-இல் இதை யோசிக்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐந்து முகமைகள் சேர்ந்து அசோல் பற்றி 2025 ஜனவரியில் கூட்டறிக்கை தந்தன. இப்ஃப்ளூஃபெனோக்வின் போன்றவை நம் உரக்கடைக்கு வந்து பரவிய பிறகு இதைப் பேசுவதில் பயனில்லை.

இப்படியொரு விதியைக் கேட்க ஆதாரம் வேண்டும், ஆதாரம் இங்கிருந்தே வர வேண்டும். இதற்கு நமக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நெல் உமியும் தாளும் பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வரும் விவசாயிகளுக்கு எந்தச் சொட்டுமருந்து நல்லது என்ற கேள்விக்கு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முன்னின்று 323 நோயாளிகளிடம் நடத்திய சோதனை உலகுக்கே விடை தந்தது. புதிய வொரிகோனசோலைவிடப் பழைய நாட்டாமைசின் மேல் என்று அது காட்டியது.

இங்கே அமர்ந்திருக்கும் நுண்ணுயிரியல் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேடஸ் 48 டிகிரியிலும் வளரும், மண்ணிலுள்ள மற்ற பூஞ்சைகளில் பெரும்பாலானவை வளரா. ஆகவே அதைப் பிரித்தெடுக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை; சூடு வைக்கும் அடைகாப்பான் ஒன்றும், அசோல் கலந்த தட்டும் கலக்காத தட்டும் போதும். ஓசூர் ரோஜாப் பண்ணைகளின் கழிவுக் குவியல், நிலக்கோட்டைப் பூச்சந்தையின் பின்புறம், டெல்டாவின் வைக்கோல் போர், ஈரோட்டு மஞ்சள் வயல், உங்கள் ஊர் மருத்துவமனையின் தோட்டத்து மண் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து வாருங்கள். அருகிலேயே மருந்தடிக்காத நிலத்திலும் ஒரு பிடி எடுங்கள். எந்த மருந்து, எத்தனை முறை, எப்போது அடித்தார்கள் என்று விவசாயியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. வளர்வதையெல்லாம் எறிந்துவிடாமல் உறைகுளிரில் சேமித்து வையுங்கள். நெதர்லாந்தில் 1998-ஆம் ஆண்டின் மாதிரியை யாரோ வைத்திருந்ததால்தான் உண்மை வெளிவந்தது. முதுகலை ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பை என்னால் சொல்ல முடியாது. வழிகாட்ட ஆசிரியர் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.